நான் தாண்டிய பிள்ளை

எல்லார் வீட்டிலும் மூத்தவள் உடுத்திய பாவாடை இளையவளுக்கு வரும். என் வீட்டில் அது தலைகீழாக நடந்தது. இளையவளுக்குப் பற்றாமல் போன பாவாடையை மூத்தவளுக்குக் கட்டிவிட்ட தாய் நான். இத்தனை வருஷம் கழித்து இதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

பினாங்கில் அப்போது நாங்கள் சூலியா தெருவில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே முன்பக்கம் கயிறும் பாயும் விற்கிற கடை. பின்பக்கத்தில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு அக்கா விடியற்காலையிலேயே சோறும் கறியும் ஆக்கிக் கொடுப்பார். அவருடைய வீட்டுக்காரர் அதைக் காவுதடியின் இரண்டு முனையிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்துபோய்த் துறைமுகத்தில் விற்பார். என் வீட்டுக்காரரும் துறைமுகத்தில்தான் வேலை பார்த்தார், ஒரு கிடங்கில் கணக்கெழுதுகிற கிராணி. ஆள் நல்ல உயரம். மாடிப்படி ஏறி உள்ளே வரும்போது தலையைக் குனியாவிட்டால் வாசல் நிலையில் இடிக்கும். நான் அவர் தோளுக்குக்கூட வரமாட்டேன், ஆனால் வாயில் அவரைவிட இரண்டு மடங்கு.

எங்களுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்குப் பத்து வயது நடந்தது, இளையவளுக்கு எட்டு. அந்தத் தீபாவளிக்குப் பக்கத்துச் சந்துத் தையல்காரரிடம் என் வீட்டுக்காரர் துணியைக் கொடுத்து, அளவு எதுவும் கொடுக்காமல், "பத்து வயசுக்கு ஒண்ணு, எட்டு வயசுக்கு ஒண்ணு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஆண்பிள்ளைகளிடம் வேலை சொன்னால் இப்படித்தான் ஆகும். தைத்து வந்ததும் போட்டுப் பார்த்தோம். பத்து வயதுப் பாவாடை மூத்தவளுக்குத் தரையைப் பெருக்கியது. எட்டு வயதுப் பாவாடை இளையவளுக்குக் கணுக்காலுக்கு மேல் நின்றது. இரண்டையும் மாற்றிக் கட்டினேன். இரண்டும் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தன.

"எனக்கு இதுதாம்மா பிடிச்சிருக்கு. சரிகை ஜாஸ்தி" என்றாள் மூத்தவள். அதில் சரிகை ஜாஸ்தி இல்லை. நேராகத் தையல்காரரிடம் போய் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாவம், அந்த மனிதர் மேல் தப்பே கிடையாது. யாரையாவது நாலு வார்த்தை திட்டினால்தான் எனக்கு மூச்சே வரும், அது என் பிறவிக் குணம்.

அன்றிலிருந்து என் கண்ணில் பட்டதெல்லாம் உயரம்தான். ட்ராம் வண்டியில் ஏறினால் கண்டக்டர் மூத்தவளைத் தூக்கி உள்ளே விடுவார், இளையவளைப் பார்த்து "நீ ஏறு தாயி" என்பார். கோயிலுக்குப் போனால், தெரிந்த பொம்பளைகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "இதுல எது பெருசு?" என்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் உயரப்படி வரிசையில் நிறுத்தினால் மூத்தவள்தான் முதல் ஆள். மூன்று வருஷமாக வகுப்பு மாறியது, அந்த இடம் மாறவில்லை. அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. "முன்னாடி நின்னா வாத்தியாரம்மா எழுதுறது நல்லாத் தெரியும்மா" என்பாள். படிப்பில் சுட்டி. கணக்கில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் பத்து வயதுப் பெண் எட்டு வயது உயரத்தில் நின்றால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்?

என் விஷயம் இன்னும் மோசம். அவள் ஏன் வளரவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது மூத்தவளுக்கு ஒன்றேகால் வயது. என் வீட்டுக்காரர் எங்களுக்கு முன்னாலேயே திரும்பி வந்து பினாங்கில் இருந்தார். நானும் பிள்ளையும் தெரிந்த குடும்பம் ஒன்றின் துணையில் வந்தோம். மேல்தட்டில் பாய் விரித்துப் பயணம். பாய்க்குப் பாய் இடைவெளி கிடையாது. தகரப்பெட்டி, மூட்டை, கூஜா, வாந்தி, அழுகை, எல்லாம் ஒரே இடத்தில். என் பக்கத்துப் பாயில் ஒரு பொம்பளை. ஏறின நாளே அவள் கூஜாத் தண்ணீர் என் பாயில் கொட்டியது. அதில் இருவருக்கும் பெரிய சண்டை.

மூன்றாம் நாள் பிள்ளைக்கு வெந்நீர் வாங்கிக்கொண்டு வந்தேன். பிள்ளை எங்கள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. விழாமல் இருக்க ஒரு எட்டு வைத்தேன். அந்த எட்டு பிள்ளையின் மேலாகப் போய்விட்டது.

பக்கத்துப் பாய்க்காரி கையை உதறினாள். "அடியாத்தீ! தூங்குற புள்ளையத் தாண்டிட்டியே! திரும்ப இந்தப் பக்கமாத் தாண்டிடு. இல்லாட்டி வளராது."

எனக்கும் அது தெரிந்ததுதான். படுத்திருக்கிற பிள்ளையைத் தாண்டக்கூடாது, தெரியாமல் தாண்டினால் உடனே திரும்பத் தாண்டிவிட வேண்டும், அவ்வளவுதான். ஒரு நொடி வேலை. வேறு யார் சொல்லியிருந்தாலும் தாண்டியிருப்பேன். அவள் சொன்னாள் என்பதனாலேயே தாண்டவில்லை.

"உன் சோலியப் பாத்துக்கிட்டுப் போ. என் புள்ள, நான் தாண்டுவேன், தாண்டாம இருப்பேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று சாயங்காலம் எனக்கு ஆரம்பித்த தலைசுற்றல் பினாங்கு வரை விடவில்லை. ஜெரெஜாக் தீவில் எங்களை இறக்கி நோய் இருக்கிறதா என்று பார்க்கச் சில நாள் தடுத்து வைத்தார்கள். அங்கேயாவது தாண்டியிருக்கலாம். மறந்தே போனேன். பிறகு படகுத்துறையில் அவர் நின்றார், பிள்ளை புது மனிதரைப் பார்த்து அழுதாள், நான் சந்தோஷத்தில் அழுதேன். கப்பலும் பக்கத்துப் பாயும் நினைவிலேயே இல்லை. ஒன்பது வருஷம் கழித்து ஒரு தையல்காரர் வந்து நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டமாட்டார், அதுதான் எனக்குப் பயம். பேசாமல் என்னைப் பார்ப்பார். திட்டினால் திருப்பித் திட்டலாம், பார்த்தால் என்ன செய்வது? அதனால் விடியற்காலையில் எல்லாரும் தூங்கும்போது அம்மன் படத்தின் முன்னால் நின்று அவளிடம் மட்டும் சண்டை போடுவேன். "கப்பல்ல தாண்டினவ நான். கொழுப்பெடுத்துப் போய்த் திரும்பத் தாண்டாதவளும் நான். தண்டனையை எனக்குக் குடு. புள்ளைய விடு."

சாமியிடம் சொன்னதோடு நிற்கவில்லை. கைவைத்தியத்தில் இறங்கினேன். வயிற்றில் ஏதோ அடைத்துக்கொண்டுதான் வளர்ச்சி நிற்கிறது என்று யாரோ சொல்ல, ஞாயிற்றுக்கிழமைதோறும் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றினேன். முருங்கைக்கீரையைத் தினமும் வதக்கி வைத்தேன். உடம்பைத் தொங்கவிட்டால் நீளும் என்று என் வீட்டுக்காரரைப் படுத்தி, பின்கட்டில் இரண்டு சுவருக்கும் குறுக்கே மூங்கில் கட்டச் சொன்னேன். பெரியவளைத் தொங்கச் சொன்னால் கடமைக்குப் பத்து எண்ணும்வரை தொங்கிவிட்டுக் குதித்துவிடுவாள். சின்னவளுக்கு அது ஊஞ்சல். நாள் முழுக்கத் தொங்கினாள். அந்தச் சனியன் இன்னும் ஒரு விரற்கடை வளர்ந்தது!

கீழ்வீட்டு அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தபோது மேலே வந்தார்.

"தங்கச்சி, கோவிச்சுக்காதே. இந்தப் புள்ளைக்குச் சோத்தப் போடு லா. எண்ணெய ஊத்தி உள்ளதையும் வெளிய அனுப்பிக்கிட்டு இருக்கியே! வாரத்துக்கு ஒரு நாள் தின்னதெல்லாம் போனா உடம்புல என்ன ஒட்டும்?"

"என் புள்ளைய எப்படி வளக்குறதுன்னு எனக்குத் தெரியும்" என்றேன். சொன்ன பிறகுதான் அதே வார்த்தையைக் கப்பலில் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனாலும் திரும்ப எடுக்க வாய் வரவில்லை. எட்டு நாள் அவரோடு பேசவில்லை. அந்த எட்டு நாளும் என் பெரியவள் பள்ளி விட்டு வரும் வழியில் கீழ்வீட்டுக்குள் நுழைந்து, அக்கா கையால் மீன் ஆணமும், அதுதான் அவர்கள் வீட்டுக் குழம்பு, சோறும் தின்றுவிட்டுத்தான் மாடி ஏறியிருக்கிறாள். நல்லவேளை. அக்காவுக்கு என் கோபம் ஒரு பொருட்டே இல்லை.

கடைசியில் ஒரே வழிதான் மிச்சம் என்று பட்டது. திரும்பத் தாண்டிவிடுவது.

ஒன்பது வருஷம் கழித்துத் தாண்டினால் செல்லுமா? யாரைக் கேட்பது? செல்லும் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். அடுத்த சிக்கல், எந்தப் பக்கமாகத் தாண்டுவது. கப்பலில் பிள்ளையின் தலை எந்தப் பக்கம் இருந்தது? நான் எந்தப் பக்கத்திலிருந்து வந்தேன்? ஒரு சாயங்காலம் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து கப்பலைக் கட்டினேன். தீப்பெட்டி என் தகரப்பெட்டி. கரண்டி பிள்ளை. உப்பு ஜாடி அந்தப் பக்கத்துப் பாய்க்காரி. கரண்டியை இப்படி வைத்தேன், அப்படி வைத்தேன். விரலால் நடந்து பார்த்தேன். சந்தேகத்துக்கு இரண்டு பக்கமும் தாண்டிவிடலாம் என்றால், ஒன்று மற்றதை அழித்து மறுபடி பழைய இடத்துக்கே வந்து நிற்கும். உப்பு ஜாடியை ஒரு அடி அடித்தேன். கடைசியில், கால்மாட்டில் நின்று பார்த்தால் இடமிருந்து வலம் என்று முடிவு செய்தேன்.

பெரியவள் பகலில் தூங்குகிற பிள்ளை இல்லை. பள்ளி விட்டதும் கீழே ஓடிவிடுவாள். எப்படிப் படுக்க வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, மறுநாள் மத்தியானம் வந்தவள் புத்தகத்தை வைத்துவிட்டு, முன்னறையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் மூச்சு சீராக வந்தது. சின்னவள் கீழே அக்கா வீட்டில்.

புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகினேன். கால்மாட்டில் நின்று இடம் எது வலம் எது என்று இன்னொரு முறை பார்த்தேன். காலைத் தூக்கினால் நடுக்கம். தடுக்கி அவள் மேல் விழுந்தால் வேறு வினையே வேண்டாம். நான் தயங்கி நிற்கும்போது அவள் தூக்கத்தில் முழங்காலை வயிற்றோடு இழுத்து நன்றாகச் சுருண்டுகொண்டாள். ஏற்கெனவே சின்ன உடம்பு, சுருண்டதும் ஒரு தலையணை அளவுதான் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டியது. அந்த அழுகையிலேயே எட்டு வைத்துத் தாண்டிவிட்டேன். அடுக்களைக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்று வேர்வையைத் துடைத்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அவளுடைய மத்தியானத் தூக்கம்தான் நிற்கவில்லை. அந்த வாரம் முழுக்க அதே நேரத்துக்கு அதே இடத்தில் படுத்தாள். துறுதுறுவென்று ஓடுகிற பிள்ளை இப்படிப் படுக்கிறதே, தாண்டியதில் பக்கம் மாறி இன்னும் கெடுத்துவிட்டேனோ என்று எனக்கு வேறு பயம் பிடித்தது.

தாண்டியதற்குப் பலன் உண்டா என்று தெரிய வேண்டாமா? அடுக்களை மரத்தூணில் கரியால் கோடு போட ஆரம்பித்தேன். நினைத்தபோதெல்லாம் பிள்ளையைப் பிடித்து நிறுத்துவேன். ஒரு நாள் காலையில் பள்ளிக்குப் போகுமுன் ஒரு கோடு போட்டேன். சாயங்காலம் வந்ததும் மறுபடி நிறுத்தினேன். கோடு காலைக் கோட்டுக்குக் கீழே விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன். அரை விரல் குறைவு.

அன்று என் வீட்டுக்காரர் வேலைவிட்டுப் படியேறி வந்தபோது, அவர் சட்டையைக்கூடக் கழற்ற விடவில்லை. "ஏங்க, இவ வளரலைன்னு நெனச்சோம். அது இல்லீங்க. இவ குறையுறா! தேஞ்சுக்கிட்டே வர்றா!"

தூணைக் காட்டினேன். அவர் முகம் வெளிறிவிட்டது. எதற்கும் அசையாத மனிதர். "நாளைக்கு லீவு சொல்லிடுறேன். டாக்டர்கிட்ட போவோம்" என்றார்.

பினாங்கு ரோட்டுப் பக்கம் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் இருந்தார். தனி டிஸ்பென்சரி. நாங்கள் மூவரும் ரிக்‌ஷாவில் போனோம். வழியில் ஒருவரும் பேசவில்லை. பெரியவள் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு கடைப்பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் அவசரப்படவில்லை. கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். வயிற்றை அமுக்கினார். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"முன்பல் எப்ப விழுந்தது?"

"ரொம்பத் தாமசங்க. இவ தங்கச்சிக்கு முன்னாடியே விழுந்துடுச்சு. இவளுக்கு அதுக்கப்புறம்தான்."

"பிள்ளை நல்லாச் சாப்பிடுறவளோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "நல்லாச் சாப்பிடுவேன் டாக்டர். ஞாயித்துக்கிழமை மட்டும் முடியாது. அன்னிக்கு விளக்கெண்ணெய்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தேன்.

நான் தூண் விஷயத்தைச் சொன்னேன், காலைக் கோடு, சாயங்காலக் கோடு. அவர் தலையை ஆட்டினார். "அது எல்லாருக்கும் உள்ளதுதான் அம்மா. விடிய எழும்பேக்க மனுசர் கொஞ்சம் உயரம். பகல் முழுக்க நிண்டு நடந்து பொழுதுபட முதுகு அமுங்கிப்போம். படுத்து எழும்பினால் திரும்ப வரும். நீங்களும் அளந்து பாருங்கோ, நீங்களும் குறைவீங்கள்." பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார். "உங்கட பக்கத்திலயோ அவற்ற பக்கத்திலயோ, சின்ன வயசில கட்டையா இருந்து பிந்தி வளந்தவை ஆரும் இருக்கினமோ?"

"யாருமே இல்லீங்க" என்றேன். "நான் அளவா வளந்தவ. இவரைத்தான் பாக்குறீங்களே, பனைமரம்."

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். குடையின் கைப்பிடியைத் திருகினார். "நான்தாங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "நீங்க என்ன?"

"பதினாறு வயசுல நான் கப்பலேறினப்போ டிக்கெட் குடுக்குறவர் என்னைப் பாத்துட்டு அரை டிக்கெட் போட்டாரு. பன்னண்டு வயசுக்குள்ளன்னு நெனச்சிட்டாரு. நான் வாயத் தொறக்கலை. இங்க வந்தும் கிடங்குல எல்லாரும் என்னை அரை டிக்கெட்டுன்னுதான் கூப்பிடுவாங்க. பதினேழு பதினெட்டுல திடீர்னு ஏறிச்சு. ரெண்டு வருஷத்துல கால்சட்டையெல்லாம் முழங்காலுக்கு வந்துருச்சு. அப்புறம்தான் அந்தப் பேரு போச்சு."

நான் மாமியார் இல்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவருடைய சின்ன வயதுக் கதைகளைச் சொல்ல அந்த வீட்டில் ஆள் கிடையாது. அவராகச் சொன்னால்தான் உண்டு. டாக்டர் முன்னாலேயே கத்திவிட்டேன். "பன்னண்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன்! ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க!"

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்குச் சொல்லச் சொல்றியா?" என்றார். அப்புறம் குரல் இறங்கியது. "என்னைக் கொண்டுதான் அவளுக்கு இப்படின்னு எனக்குத் தெரியும் புள்ள. ஆனா நான் வளந்த மாதிரி அவளும் வளருவாளான்னு தெரியாது. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்கிட்டச் சொல்றது?"

இதே பயத்தை அந்த மனிதரும் தனியாகச் சுமந்துகொண்டு துறைமுகத்துக்கும் வீட்டுக்கும் நடந்திருக்கிறார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "உங்களால இல்லீங்க. என்னாலதான். நான் தாண்டிட்டேன்" என்று அழ ஆரம்பித்துவிட்டேன்.

"ஆரைத் தாண்டினனீங்கள்?" என்றார் டாக்டர்.

எல்லாவற்றையும் சொன்னேன். கூஜாத் தண்ணீர், பக்கத்துப் பாய்க்காரி, என் வாய்க்கொழுப்பு, ஒன்றையும் விடவில்லை. டாக்டர் சிரித்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தக் கப்பலில எத்தினை பிள்ளையள் வந்தவை?"

"அம்பது இருக்குமுங்க."

"எல்லாரும் உங்கட பிள்ளை மாதிரித் தட்டிலதானே படுத்தவை? நடக்கிறதுக்கு வழி விட்டிருந்ததோ?"

யோசித்துப் பார்த்தேன். வழி ஏது? வெந்நீருக்குப் போகிறவர், வாந்தி எடுக்க ஓடுகிறவர், சோற்று வாளியோடு வருகிற கப்பல்காரர், எல்லாரும் பாய்க்குப் பாய் எட்டு வைத்துத்தான் நடந்தார்கள். எனக்குத் தாண்டாதே என்று சொன்னவளே என் பிள்ளையைத் தாண்டித்தான் தன் பாய்க்குப் போயிருப்பாள். "எல்லாரும் எல்லாரையும் தாண்டித்தான் போனோம்" என்றேன்.

"அப்ப, தாண்டினால் வளராது எண்டால், மலாயாவுக்கு வந்த எங்கட சனத்தில பாதிப்பேர் மேசைக்குக் கீழதான் நிக்கவேணும். வெளியில போய்ப் பாருங்கோ, அப்பிடியா நிக்கினம்?"

முதலில் சிரித்தது பெரியவள்தான். அப்புறம் அவள் அப்பா. அழுதுகொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்து, மூக்கிலும் கண்ணிலும் தண்ணீராக, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். ஒன்பது வருஷத்துப் பாவத்தை அந்த மனிதர் ஒரே கேள்வியில் இறக்கி வைத்துவிட்டார்.

டாக்டர் எதையும் நிச்சயமாகச் சொல்லி வாக்குக் கொடுக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. பல் பிந்தி விழுந்திருக்கிறது, அப்பாவும் பிந்தி வளர்ந்தவர், பிள்ளை ஆரோக்கியமாக இருக்கிறாள், ஆகவே இவளும் அந்த வழிதான் என்று நினைப்பதாகச் சொன்னார். பூச்சி மருந்து ஒரே ஒரு தடவை கொடுத்தார். விளக்கெண்ணெயை நிறுத்தச் சொன்னார். பாலும் முட்டையும் மீனும் கொடுத்து, நேரத்துக்குத் தூங்க வைக்கச் சொன்னார். "உயரமோ கட்டையோ எண்டு பாக்காதேங்கோ. வளருறாளோ இல்லையோ எண்டு மட்டும் பாருங்கோ. ஒரு கோடு ஒண்டும் சொல்லாது. ஆறு மாசத்துக்கு ஒருக்கா, விடிய, வெறுங்காலோட, அதே தூணில ஒரு கோடு. ரெண்டாவது கோடு போட்டதும் அளந்துகொண்டு வாங்கோ, நான் சொல்லுறன்."

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் பழைய கரிக்கோடுகளையெல்லாம் தேய்த்துக் கழுவினார். மறுநாள் விடிந்ததும் பென்சிலால் ஒரே ஒரு கோடு. பிறகு பென்சிலைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். என்னை அவருக்குத் தெரியும். நான் நேராகக் கீழே போய் அக்காவிடம் சொன்னேன். "அக்கா, நீங்க சொன்னதுதான் சரி. டாக்டரும் அதையே சொல்லிட்டாரு."

"அவருக்கு எவ்வளவு குடுத்தே?"

"ஒரு வெள்ளி."

"எனக்குக் குடுத்திருக்கலாம்லா" என்றார் அக்கா. அன்று சாயங்காலம் எல்லாருக்குமாகச் சேர்த்து மீன் ஆணம் அனுப்பினார்.

அந்த ஆறு மாதம் எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். தூண் பக்கம் போனால் கை துறுதுறுக்கும். அடுக்களையில் வேலை செய்துகொண்டே அவள் தலையையும் கோட்டையும் ஓரக்கண்ணால் பார்ப்பேன். அவள் வேண்டுமென்றே குனிந்துகொண்டு போவாள், குறும்புக்காரி. இரண்டாவது கோடு போடுகிற காலையில் அக்காகூட மேலே வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் பென்சிலை வைத்துக் கோடு போட்டார். பிள்ளை விலகியதும் எல்லாரும் குனிந்து பார்த்தோம். பழைய கோட்டுக்கு மேலே, நன்றாகத் தள்ளி, புதுக் கோடு நின்றது. அளந்தார். ஓர் அங்குலமும் கொஞ்சமும்.

"ஒரு அங்குலம்தானா?" என்றாள் சின்னவள்.

"வாய மூடுடி. ஒரு அங்குலம் எவ்வளவு பெருசு தெரியுமா!" என்றேன்.

டாக்டரும் போதும் என்றார். வளர்ச்சி நிற்கவில்லை, தன் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது, இனி என்னிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்று இரவு நான் படுத்ததும் தூங்கினேன். அதற்குப் பிறகும் அவள் வரிசையில் முதல் ஆளாகத்தான் நின்றாள். தங்கையின் பாவாடையைத்தான் கட்டினாள். கோயில் பொம்பளைகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். "இதுதான் பெருசு. அவங்கப்பா மாதிரி இவளும் அரை டிக்கெட்டு. மீதி அரை பின்னால வருது" என்று நானே சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரர் நெளிவார். நெளியட்டும்.

பதினைந்து வயதில் வந்தது அந்த மீதி அரை. தீபாவளிக்கு எடுத்தது பொங்கலுக்குப் பற்றவில்லை. கையும் காலும் அவளுக்கே அடங்காமல், நடந்தால் எதையாவது இடித்துத் தள்ளுவாள். பதினேழில் தங்கையைத் தாண்டினாள். நான் எப்போதோ கீழே போய்விட்டேன்.

அவளுக்குப் பதினெட்டு வயதாக இருக்கும்போது நாங்கள் டத்தோ கிராமாட் பக்கம் வீடு மாறினோம். சாமான் கட்டுகிற நாள், அடுக்களையின் மேல்பலகையிலிருந்த பாத்திரங்களை அவள் எக்காமல் கொள்ளாமல் நின்றபடியே எடுத்து எடுத்துக் கொடுத்தாள். நான் கீழே வாங்கி அடுக்கினேன். உப்பு ஜாடி வந்தது. அதன் பின்னால் பழைய கரண்டி வந்தது. கொடுக்காமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அம்மா, இதுதானே நான்?"

"எது?"

"கரண்டிதான் நான். தீப்பெட்டி உன் பெட்டி. உப்பு ஜாடிய நீ அடிச்சேல்ல."

நான் உப்பு ஜாடியைக் கீழே வைத்தேன். "உனக்கெப்படித் தெரியும்?"

"கதவு இடுக்கு வழியாப் பாத்துக்கிட்டு நின்னேன். அதுக்கும் முன்னாடியே தெரியும். தினம் விடியக்காலைல நீ அம்மன்கிட்டச் சத்தம் போடுவியே, நான் முழிச்சுக்கிட்டுத்தானே கிடப்பேன்." கரண்டியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். "பகல்ல நான் தூங்கமாட்டேனே, நீ எப்படித் தாண்டுவேன்னு யோசிச்சேன். அதான் நானே வந்து படுத்துக்கிட்டேன். ஒரு வேளை பக்கம் மாறிப் போயிருந்தா இன்னொரு வாட்டி நீ தாண்டுவியோன்னு வாரம் பூரா படுத்தேன்."

"அன்னிக்கு நீ தூங்கலியா?"

"எங்க தூங்குறது? உன் காலு நடுங்குது, கொலுசு சத்தம் கேக்குது. நீ விழுந்துடுவியோன்னு பயமா இருந்துச்சு. நீ தாண்டச் சுளுவா இருக்கட்டும்னு இன்னும் சின்னதாச் சுருண்டுக்கிட்டேன்."

பத்து வயதில், வளரவில்லையே என்று ஊரே பார்த்த பிள்ளை, என் மனசு ஆறட்டும் என்று இருக்கிற உடம்பையும் சுருக்கிக்கொண்டு படுத்திருக்கிறது. எனக்குத் தெரிந்த பழைய வழிக்கே வருவோம், நாலு வார்த்தை திட்டிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அண்ணாந்து பார்த்துத்தான் திட்டவேண்டியிருந்தது.